பாட்டுப் பெட்டி: தினம் ஒரு குறள் திட்டம் படுத்த பிறகு

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் ஆரம்பித்தது இது. பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. வீட்டிலேயே இரண்டு பேருக்கும் கொஞ்சம் தமிழ்ப் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசை. பெரிய இலக்கிய ஆசையெல்லாம் இல்லை, பள்ளி விட்டு வரும்போது வாயில் ஆங்கில ரைம்ஸ் மட்டுமே வருகிறதே, கூட நாலு தமிழும் வரட்டும் என்றுதான். என்ன செய்தேன், எது சொதப்பியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவ்வப்போது கிறுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் திட்டம் தினம் ஒரு குறள். சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டினேன், ஒரு குறள் ஒப்பித்தால் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். காலையில் பெரியவளுக்குத் தலை பின்னிவிடும்போது நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள், பின்னல் முடிவதற்குள் பொருளும் சொல்லி முடித்துவிடுவேன். முதல் வாரம் பிரமாதம். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒப்பிக்கச் சொல்லி நானும் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன், மறைப்பானேன். 11-ஆம் நாள் "அம்மா, இது எப்போ முடியும்?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல் மொத்தம் 1330 என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: ஒரு நாள் விடாமல் சொன்னாலும் மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும், பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிடும். அடுத்த நாள் அவளுக்கு வயிற்றுவலி. அதற்கு அடுத்த நாளும் வயிற்றுவலி. தலை பின்னி முடித்ததும் சரியாகிவிடுகிற வயிற்றுவலி.

சார்ட்டில் 14 ஸ்டார் இருக்கிறது. கடைசி மூன்றும் நான் பரிதாபப்பட்டு ஒட்டியவை.

எங்கே கோளாறு என்று பார்த்தால், அவள் சொல்கிற விதத்திலேயே தெரிந்தது. "பகவன்முதற்றேஉலகும்மாஸ்டிக்கர்" என்று ஒரே மூச்சு. சீர் எங்கே முடிகிறது, அடி எங்கே மடங்குகிறது, எதுவும் காதில் விழவில்லை, ஒரே நீளமாக ஒரு சத்தம், அந்தச் சத்தத்தின் கடைசியில் ஒரு ஸ்டிக்கர். பொருள் சொல்கிறேன் பேர்வழி என்று நான் போட்ட ரம்பம் வேறு. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூலையில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பத்தா, வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும், ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் "சாய்ந்தாடு" வரும் இடத்துக்குச் சரியாக ஒரு கணம் முன்னாலேயே உடம்பு முன்னும் பின்னும் போகத் தயாராகிவிடுகிறது. பக்கத்தில் என் சின்னவனும் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தப் பாட்டை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பொருளும் யாரும் சொல்லவில்லை. சாயக்கிளி என்றால் என்ன என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்ல வராது.

இங்கே ஒன்று ஞாபகம் வந்தது. கடவுளையோ பெரியவரையோ குழந்தையாக வைத்துப் பாடுகிற பிள்ளைத்தமிழில் 10 பருவம் உண்டு என்று பள்ளியில் பட்டியலாக மனப்பாடம் செய்திருக்கிறோமே, அதில் செங்கீரை என்பது 5-ஆம் மாதம் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, சப்பாணி 9-ஆம் மாதம் கைதட்டுவது, அம்புலி நிலாவை விளையாடக் கூப்பிடுவது. அதாவது குழந்தையின் உடம்பு எதைச் செய்ய ஆரம்பிக்கிறதோ அந்த வரிசையில் பாட்டை அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் இருப்பது மதுரையில், மீனாட்சியைக் குழந்தையாக்கி குமரகுருபரர் இதே வரிசையில் பாடிய ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, சார்ட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, பிள்ளைகளாகக் கேட்கிற வரைக்கும் பொருள் சொல்லக் கூடாது. கை, கால், வாய் இதெல்லாம் முதலில்.

பாட்டை வைத்து விளையாடக் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று வார்த்தை அட்டைகள் செய்தேன். முதலில் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன், தாள் மெலிசு, மை மறுபக்கம் ஊறி ராகு காலமும் எமகண்டமும் "யானை"க்குள்ளே தெரிந்தன. அப்புறம் பீரோவுக்கு மேலே கட்டிப்போட்டிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் கண்ணில் பட்டன. நல்ல கெட்டி அட்டை, உள்பக்கம் பாதி வெற்றாக இருக்கும், ஒன்றை நாலாக வெட்டலாம். மூலையில் மஞ்சள் தடவியதை மட்டும் வெட்டக் கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டதால், மஞ்சள் மூலையை மட்டும் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டேன். மொத்தம் 62 அட்டை வந்தது. சின்னவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னப் படம். என் படம் வரையும் திறமைக்கு ஆடும் நாயும் ஒன்றுதான், அவனே பார்த்து இது ஆடு, இது நாய் என்று முடிவு செய்துகொண்டான். போட்டு வைக்க ஒரு செருப்புப் பெட்டி, மாட்டி வைக்க ஹாலில் குறுக்கே ஒரு சணல் கயிறு, துணி கிளிப் ஒரு டஜன். "ஏத்தா, ஒரு பாட்டுச் சொல்லித்தர இம்புட்டு வேலையா?" என்று அப்பத்தா கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதல் விளையாட்டு கை வீசம்மா. அந்தப் பாட்டு ஓர் அச்சு மாதிரி. எங்கேயோ போகலாம், எதையோ வாங்கலாம், கடைசியில் கை வீசு. பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் போகிற இடத்திலோ வாங்குகிற இடத்திலோ செருக வேண்டும், அவ்வளவுதான். சின்னவன் "மாடிக்குப் போகலாம் கை வீசு, வத்தல் திங்கலாம் கை வீசு" என்றான். மாடியில் அன்று வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவள் "பள்ளிக்குப் போகலாம்" அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி அட்டை வந்தபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம் கை வீசு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும், கை ஒரு வீச்சுத் தாமதிக்கும். சின்னவன் இரண்டு தடவை தடுக்கினான். மூன்றாவது தடவை அவனாகவே "ஆஸ்பத்ரி போலாம் கை வீசு" என்றான். திரியை த்ரி ஆக்கி, க்கு-வைக் கழற்றிப் போட்டு, போகலாமைப் போலாமாக்கி, வீச்சுக்குள் அடக்கிவிட்டான். செய்யுள் கட்டுகிற யாப்பு என்பதே இதுதானே! வாய் வரைக்கும் வந்த விளக்கத்தை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தது எதுகை. இதில் நான் மறுபடி பழைய புத்தியைக் காட்டிவிட்டேன். "இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை" என்று பெரியவளிடம் ஆரம்பித்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். நியாயம், அவள் காதுக்குப் பழக்கமானது வரியின் வால் ஒத்துப்போவதுதான், ஆங்கில ரைம்ஸ் அப்படித்தான். தமிழிலும் வால் ஒத்துவரும், அதற்கு இயைபு என்று பேர். அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு நல்ல உதாரணம், தட்டு, லட்டு, எட்டு என்று வரிக்கு வரி ட்டு-வில் போய் நிற்கும், கூடவே லட்டைப் பாதியாக்கிக் கணக்கும் போடும். மனிதர் வங்கியில் வேலை பார்த்தவர், அங்கே போட்ட கணக்கு பாட்டிலும் விடவில்லை போல. ஆனால் நம் பழைய செய்யுள்களில் ஒத்துப்போகிற இடம் பெரும்பாலும் வரியின் தலை. வாலைப் பிடித்துப் பழகிய பிள்ளையைத் தலையைப் பிடிக்க வைக்க வேண்டும்.

கயிறு இதற்குத்தான் உதவியது. "பட்டு" அட்டையை மாட்டினேன். நடு எழுத்து ஒரே மாதிரி இருக்கிற அட்டை எது வந்தாலும் பக்கத்தில் மாட்டலாம் என்று மட்டும் சொன்னேன். கட்டு, மொட்டு, எட்டு எல்லாம் ஏறின. "பாட்டு" வந்தது. விதிப்படி இரண்டாம் எழுத்து அதேதான், நானும் மாட்டப் போனேன். பெரியவள் "ம்ஹூம், இது நீளுது" என்று எடுத்துத் தனியாக மாட்டி, பக்கத்தில் வீட்டு, மாட்டு என்று வேறு வரிசை ஆரம்பித்தாள். எதுகைக்கு முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். அந்த விதியை நான் மறந்தே போயிருந்தேன், அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

இது நடந்து ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நான் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறேன், சமையலறை வாசலில் வந்து நின்று "அம்மா, அகர பகவன், ரெண்டுலயும் க இருக்கு" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்தது, "கற்ற, நற்றா. அதுல ற்". அப்புறம் மலர்மிசை நிலமிசை. மூலைக்குத் தூக்கிப் போட்ட குறளை அவளே தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், கயிற்றில் மாட்டுவதற்கு. அன்றைக்கு மாவு கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டது. உற்சாகத்தில் நான் எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் சொல்ல, இரண்டாவது அடியில் மெய்ப்பொருள் வந்ததும் "தப்பு, நடுவுல ய் வந்துடுச்சு" என்று பிடித்துவிட்டாள். அப்படி ய், ர், ல், ழ் நடுவில் புகுந்துகொண்டால் அதற்கும் ஆசிடை எதுகை என்று இலக்கணத்தில் தனிப் பெயர் உண்டு. "அது விருந்தாளி எழுத்து, விட்டுடு" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகப் போகவில்லை. ஆகஸ்டில் செய்த தப்பு ஒன்று இன்னும் உறுத்துகிறது. சின்னவன் படுக்கையில் கிடந்தபடி சுவரைப் பார்த்துச் சொன்னான்:

பல்லி பல்லி
சொவத்துல பல்லி
லைட்டு போட்டா
ஓடுது பல்லி
அதுக்கும் தூக்கம் வருது

கடைசி வரியில் பல்லி வராமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது, அவன் வேண்டுமென்றே விட்டானா கொட்டாவி வந்து விட்டானா தெரியாது. மறுநாள் ஓர் அட்டையில் அழகாக எழுதிக் கயிற்றில் மாட்டினேன். எழுதும்போது "சுவரில் பல்லி", "விளக்கைப் போட்டால்", "அதற்கும் தூக்கம் வருகிறது" என்று திருத்திவிட்டேன், யாராவது வந்து பார்த்தால் நல்ல தமிழாக இருக்கட்டும் என்று. படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது என் பல்லி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாலு நாள் பெட்டியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அவன் கண்முன்னாலேயே அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, சொவத்துல என்றே எழுதி, லைட்டு என்றே எழுதி மாட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் கறுப்பு ஸ்கெட்சால் ஒரு வால் மட்டும் வரைந்துவைத்தான். அன்றிலிருந்து வாயில் வந்தது வந்தபடி எழுதுவதுதான். எழுத்துத் தமிழைப் பள்ளி எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும்.

பொருள் சொல்லவே கூடாது என்று நான் பிடித்த பிடிவாதமும் ஓரிடத்தில் தளர்ந்தது. கவிமணியின் வெள்ளைப்பசு பாட்டில் பசு தோட்டத்தில் மேய்கிறது. இவர்கள் பார்த்த பசுவெல்லாம் தெருவில் நின்று சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை உரித்துத் தின்கிற பசு, அதில் பசை இருக்கிறதே. "மேயுதுன்னா போஸ்டர் திங்கிறதா?" என்று பெரியவள் கேட்டாள். அவளாகவே கேட்டதால் பதில் சொன்னேன், அதுவும் போதவில்லை, ஊருக்குப் போனபோது வயல்வரப்பில் காட்டினேன். போஸ்டர் பசுவுக்கும் அவள் ஒரு பாட்டு கட்டி வைத்திருக்கிறாள்.

வீட்டு ஆத்திசூடியும் செய்தோம். ஔவையாருடையது 109 வரி, பாரதியாருடைய புதிய ஆத்திசூடி 110, எங்களுடையது உயிரெழுத்து 12-ஓடு நின்றுவிட்டது. அச்சு ரொம்ப எளிது: எழுத்து வரிசையில் ஆரம்பிக்க வேண்டும், இரண்டு மூன்று வார்த்தைக்குள் ஒரு கட்டளை. கட்டளை போடுவது என்றால் பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷம்! அப்பத்தாவைக் கேள். ஆட்டோவில் எட்டிப் பார்க்காதே. இட்லியை ஒளி. ஈயை விரட்டு. உப்பு நக்காதே. ஊஞ்சல் எனக்குத் தா. எறும்பை மிதிக்காதே. ஏப்பம் விடு. ஐஸ் கேள். ஒளிந்து கொள். ஓணான் பாவம். (இது கட்டளை இல்லையே என்றேன், அடிக்காதே என்று அர்த்தமாம்.) ஔ-வுக்கு வெகுநேரம் முழித்துவிட்டு "ஔவைப் பாட்டி வா" என்று முடித்தார்கள். ஃ-க்கு வார்த்தையே ஆரம்பிக்காது. ஔவையாரே அஃகம் சுருக்கேல் என்று நடுவில்தான் வைத்தார், தானியத்தைக் குறைத்து விற்காதே என்று பொருள். நாங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டோம்.

கடைசியாகச் செய்தது தட்டும் விளையாட்டு, இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிட அதிகமாக இருக்கலாம். பத்தாம் வகுப்பில் மார்க்குக்காகச் செய்யுளை அசை அசையாகப் பிரித்து அலகிட்டுப் பழகிய தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்ற சீர்ப் பெயர்கள் எல்லாம் மண்டையில் எங்கோ ஓரமாகக் கிடந்தன. எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். குறிலோ நெடிலோ தனியாக நிற்கிற நேரசைக்கு ஒரு தட்டு. குறிலோடு அடுத்த எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஓடுகிற நிரையசைக்கு டக்டக் என்று வேகமாக இரண்டு. தேமா புளிமா என்றெல்லாம் சொல்லாமல், சாப்பாட்டுப் பெயரைத் தட்டுவோம் என்றேன். தோ-சை, ஒன்று, ஒன்று. மிள-காய், இரண்டு, ஒன்று. பா-யசம், ஒன்று, இரண்டு. அதி-ரசம், இரண்டு, இரண்டு. தட்டிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்தது, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் நாலும் அப்படியே தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டன. மூன்று அசை வந்தால் அதற்கும் பெயர் உண்டு, பணி-யா-ரம் புளிமாங்காய். புளி-யோ-தரை புளிமாங்கனி. சின்னவனுக்கு டம்ளரை அடிப்பது ஒன்றே போதும், சாம்பாரையும் அதிரசத்தையும் ஒரே மாதிரிதான் அடித்தான். பெரியவள் சரியாகத் தட்டினாள். பத்து நிமிஷத்தில் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு அவளே நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் அவள் குறளைத் தட்டினாள். அக-ர, இரண்டு, ஒன்று, மிளகாய். முத-ல, மிளகாய். எழுத்-தெல்-லாம், இரண்டு, ஒன்று, ஒன்று, பணியாரம். ஆ-தி, தோசை. பக-வன் மிளகாய், முதற்-றே மிளகாய். உலகு என்று வந்ததும் நின்றுவிட்டாள். உல என்று டக்டக் அடித்தாயிற்று, மிச்சமிருக்கிற கு ஒரு முழுத் தட்டுக்கும் காணாமல் அரையாகத் தொங்குகிறது, எந்தச் சாப்பாடும் பொருந்தவில்லை. குறளும் ஒரு வெண்பாதான், வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்று நாலில் ஒன்றாகத்தான் முடியும், உலகு அதில் பிறப்பு. இதை அவளிடம் சொல்லவில்லை, நானும் கூடவே யோசித்தேன். வடை என்று பார்த்தாள், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சுண்டல் சேரவில்லை. கடைசியில் எவர்சில்வர் சம்படத்தைப் பார்த்துவிட்டு "முறுக்கு!" என்று கத்தினாள். முறுக்-கு. பிறப்பு. கச்சிதமாக உட்கார்ந்தது.

மிளகாய் மிளகாய் பணியாரம் தோசை
மிளகாய் மிளகாய் முறுக்கு

நான் ராத்திரி உட்கார்ந்து தனியாகச் சரிபார்த்தேன். மாச்சீருக்கு (மிளகாய், தோசை) அப்புறம் நிரை, காய்ச்சீருக்கு (பணியாரம்) அப்புறம் நேர், எல்லாம் ஒழுங்கு. சீரும் சீரும் சேர்கிற கட்டான தளை எங்கேயும் தட்டவில்லை. திருவள்ளுவரின் முதல் குறளேதானே அது, தட்டாது.

இப்போது நவம்பர். 62 அட்டையில் 41 மிச்சம், சிலது சோபாவுக்கு அடியில் இருக்கும், சிலது பக்கத்து வீட்டுக் குழந்தை சப்பித் தீர்த்தது. முதல் எழுத்து ஒன்றி வருகிற மோனையை இன்னும் தொடவே இல்லை. சின்னவன் மூன்று நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்கிறான், அதனால் அவனுக்கு எல்லாப் பாட்டும் நடந்துகொண்டேதான். பெரியவள் அவளாக இஷ்டப்பட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று குறள் சொல்கிறாள், ஸ்டிக்கர் கேட்பதில்லை. ஆனால் முதல் குறளை மட்டும் ஒழுங்காகச் சொல்லமாட்டேன் என்கிறாள். நேற்றுச் சாயங்காலம் டம்ளரும் ஸ்பூனுமாக அவள் மிளகாய் மிளகாய் பணியாரம் என்று ஏழெட்டுத் தடவை விடாமல் பாடிக்கொண்டிருக்க, ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஏத்தா, பிள்ளை அப்ப இருந்து பசிக்குதுன்னு கத்துது, காதுல விழலையா?" என்று என்னைத்தான் அதட்டினார்கள். பணியாரக் கல்லை அடுப்பில் ஏற்றினேன்.